நடுவில் ஒரு வேலி

“பச்சைப் பூச்சு போட்டதா, வெறும் வெள்ளைக் கம்பியா? நீங்களே சொல்லுங்க அண்ணே.”

வேலி போட வந்த ருமென், இரண்டு கம்பிவலைத் துண்டுகளை கிரிலின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“அவ வீட்டு வேலிக்கு என்னை ஏன்யா கேக்கிற?”

“வெலிக்கா அக்காதான் உங்களைக் கேக்கச் சொன்னாங்க.”

கிரிலின் தோட்டத்துக்கும் பக்கத்து வீட்டு வெலிக்காவின் தோட்டத்துக்கும் நடுவே பழைய பலகை வேலி. அதில், குனிந்து நுழைகிற மாதிரி ஒரு சின்னக் கதவு. அவன் மனைவியை இழந்தவன். வெலிக்கா கணவன் இறந்தபின் இத்தாலிக்குப் போய், பல வருடம் அங்கே வீட்டோடு தங்கி முதியவர்களைப் பார்த்துக்கொண்டவள். ஊர் திரும்பியது போன இலையுதிர் காலத்தில்தான். அன்றிலிருந்து அவனுடைய காலைக் காபி அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கேட்டுவிட்டான்.

“வெலிக்கா, இனிமே நாம ஒரே வீட்ல இருந்தா என்ன?”

இந்த ஊரில் எல்லோரும் ‘இல்லை’ என்று மறுப்பதைப் போல, அவள் தலையை மெல்ல மேலும் கீழும் ஆட்டினாள். கண்கள் கலங்கியிருந்தன. அவளை மேலும் சங்கடப்படுத்தாமல் அவன் எழுந்து வந்துவிட்டான். பிறகு காபிக்குப் போகவில்லை. கேட்காமலே இருந்திருந்தால் காபியாவது மிஞ்சியிருக்கும்.

இன்று கம்பிவலைச் சுருள்கள் வந்து இறங்கியிருக்கின்றன.

“பச்சையே போடு. அதுதான் சீக்கிரம் துருப்பிடிக்காது. வலைக் கண்ணு மட்டும் பெருசா இருக்கட்டும்.”

“பெரிய கண்ணுன்னா கோழிக்குஞ்சு நுழைஞ்சிடுமே அண்ணே?”

பெரிதாக இருந்தால்தான் அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும் என்று சொல்ல வந்தவன், அதை விழுங்கினான்.

“சரி, சின்னதே போடு.”

ருமென் பலகைகளைப் பிடுங்கத் தொடங்கினான். சின்னக் கதவு ஒருமுறை கிறீச்சிட்டுக் கழன்று புல்லில் விழுந்தது. அதைத் தாண்டிக்கொண்டு வெலிக்கா காபிக் கோப்பையோடு வந்தாள்.

“மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறதைப் பாரு! காபிக்குக்கூட ஆளைக் காணோம். கேட்டுட்டு வெக்கமா?”

“அதான் நீ பதில் சொல்லிட்டியே.”

“சொல்லிட்டேன்ல? அப்புறம் என்ன?”

“ஒண்ணுமில்ல. வேலியைப் போட்டுக்கோ. அந்தக் கதவை மட்டுமாவது விட்டு வெச்சிருக்கலாம்.”

“இனிமே அது எதுக்கு?”

கிரில் கீழே கிடந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, மூலைக் கம்பத்தை எங்க நடணும்?” என்று ருமென் குரல் கொடுத்தான்.

வெலிக்கா கையை நீட்டினாள். கிரிலின் வீட்டையும், அவனுடைய பிளம் மரங்களையும் தாண்டி, தெருவோரத்தைக் காட்டினாள்.

“அதோ, அங்க. ரெண்டு தோட்டத்தையும் சேர்த்து வளைச்சுக் கட்டு. நடுவுல ஒண்ணும் வேணாம்.”

கிரில் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

“ஆனா நீ... தலையை மேலும் கீழும் ஆட்டினியே!”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது.

“அட கடவுளே! இத்தனை வருஷமா இத்தாலிக்காரங்ககிட்ட ‘சரி’ன்னு சொல்ல அப்படி ஆட்டியே பழகிப்போச்சுய்யா!”