கொசுறு போட்ட வண்டி

ஆளில்லாப் பார்சல் வண்டி இடித்ததில் ரெஜினாவின் சைக்கிள் தப்பிவிட்டது, கால்தான் முறிந்தது. இழப்பீடு கேட்டு மனுப் போட்டாள். சட்டப்படி, கால் கூடும்வரை இடித்த வண்டியே அவளுடைய வேலையைச் செய்ய வேண்டும். அவள் வீட்டில் உட்கார்ந்தபடி இடியாப்பம் அவிப்பாள். அது தெருத்தெருவாகப் போய் விற்றுவரும்.

முதல் நாள் முக்கால்வாசி இடியாப்பம் திரும்பி வந்தது.

"கொசுறு போட்டியா?" என்று வண்டியிடம் கேட்டாள் ரெஜினா.

"அப்படின்னா?"

"சரியாப் போச்சு! எண்ணிக் குடுத்துட்டு, கூட ஒண்ணு சும்மா போடணும். புள்ள இருக்கிற வீடுன்னா ரெண்டு."

மறுநாளிலிருந்து பாத்திரம் காலியாகவே வந்தது. கால் கூடியதும் வண்டியை மனதார வாழ்த்தி அனுப்பிவைத்தாள்.

ஒரு வாரத்தில் பார்சல் கம்பெனி அதிகாரி இளமாறன் வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா சொல்லிக்குடுத்தீங்க? பார்சல் வாங்குற வீட்டுல இன்னொருத்தர் பார்சலையும் சேத்துக் குடுத்துட்டு வருது. புள்ள இருக்கிற வீட்டுக்கு ரெண்டு! இப்ப நாங்க இழப்பீடு கேட்டிருக்கோம்."

"ஐயய்யோ, பணத்துக்கு நான் எங்க போவேன் சார்?"

"பணம் யாரு கேட்டா? அதே சட்டம்தான். வண்டி சரியாகுறவரைக்கும் அதோட வேலையை நீங்க பாக்கணும்."

மறுநாள் காலை ரெஜினாவின் சைக்கிளில் ஒருபக்கம் இடியாப்பம், மறுபக்கம் பார்சல் மூட்டை. முதல் வீட்டு டீச்சர் பார்சலை வாங்கிக்கொண்டு, நீட்டிய கையை மடக்காமல் நின்றார்.

"கொசுறு எங்கம்மா?"

ரெஜினா சிரித்துக்கொண்டே இடியாப்பம் ஒன்றை எடுத்து வைத்தாள்.