அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை

எங்கள் சன்னலில் நின்றால் எதிர்வீட்டுத் தையல்காரரின் மேசை தானாகவே தெரிகிறது. நான் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. சாயங்கால வெயிலில் வேதாகமம் திறந்து கிடக்கிறது, அதன்மேல் அளவு நாடா. இரட்சிக்கப்படுகிறவர்களை உலகம் உண்டாகுமுன்பே கடவுள் தெரிந்துகொண்டார், மனுஷன் விருப்பத்தால் ஆவது ஒன்றுமில்லை என்று தெருவையே வாதத்தில் மடக்கியவர், முப்பது வருஷமாகச் சர்ச் படி மிதிக்காமல் இப்போது படுத்த படுக்கையாகிவிட்ட அண்ணனுக்குச் சட்டை தைக்கிறார். வாராவாரம் அளவெடுக்கும் சாக்கில் போய், "இந்த ஞாயித்துக்கிழமையாவது வாண்ணே" என்று கெஞ்சிவிட்டு வருகிறார். இன்று மார்பளவு இன்னும் இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது. "எல்லாம் முன்னாடியே முடிவாயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு இந்த அலைச்சல்?" என்கிறாள் அவர் மனைவி. "முடிவு பண்ணது யாருன்னு தெரியும். யார் யாரைன்னு எனக்குக் காட்டலையே." சொல்லிவிட்டாரே தவிர மனசு அடங்கவில்லை போலிருக்கிறது, நாடாவை நகர்த்தி அந்தப் பக்கத்தையே மறுபடி படிக்கிறார். பிறகு, அதிகப்படியான துணியை வெட்டாமல் உள்ளே மடித்துத் தைக்கிறார், அண்ணனுக்கு உடம்பு தேறினால் பிரித்துவிடலாம் என்று. கேலி செய்யலாமென்று நின்ற நான் இப்போது எட்டியே பார்க்கிறேன். மனைவி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு பட்டன் டப்பாவைத் திறக்கிறாள்.