ராத்துவின் பட்டினி

வாய் மட்டும் இல்லையென்றால் யாயாத் அண்ணனை எப்போதோ நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். அப்படி ஒரு பீற்றல்.

“என் ராத்து இருக்காளே, வாரத்துக்கு ஒரு எலி. ஒரு வாரம் தப்பினதில்ல. பாருங்க!” என்று செல்போனை எல்லார் மூக்குக்கு முன்னாலும் நீட்டுவார். அதில் அவருடைய மலைப்பாம்பு எலியை விழுங்கிக்கொண்டிருக்கும். இரண்டு வருஷமாக இதே கூத்து.

இந்தோனேசியாவில், பாண்டுங் நகரில் பாம்பு வளர்க்கும் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ஞாயிறு காலையில் பூங்காவில் கூடுவோம். குங்குன் ஒரு கரும்பலகை கொண்டுவருவான். அவரவர் பாம்பு கடைசியாகச் சாப்பிட்ட தேதியை அதில் எழுத வேண்டும். எது அதிக நாள் பட்டினியோ, அதை வளர்ப்பவர் எல்லோருக்கும் சீலோக் என்கிற மரவள்ளி மாவு உருண்டை வாங்கித் தர வேண்டும்.

ஐந்து மாதமாக அந்தத் தண்டம் ரெங்கனிஸ் தலையில்தான். கல்லூரியில் படிக்கிற பெண். அவள் தூரத்தில் வருவதைப் பார்த்ததுமே சீலோக்காரர் கடலைக் குழம்பைக் கிண்ட ஆரம்பித்துவிடுவார்.

ஒரு ஞாயிறு வந்தவள் பலகைப் பக்கமே போகவில்லை. தன் பாம்பு டோடோல் இருந்த பெட்டியை பெஞ்சில் வைத்தாள்.

“போதும்ணே. மத்தியானம் இதை ஒருத்தர்கிட்ட கொண்டுபோறேன். வாயைப் பிளந்து எலியை உள்ள தள்ளிடுவாராம்.”

“ஐயோ, தொண்டை கிழிஞ்சிடும்மா!” என்று குங்குன் பதறினான். “இந்த வகைப் பாம்பு மாசக்கணக்குல சாப்பிடாம கிடக்கும், அப்புறம் தானா சாப்பிடும்னு எத்தனை தடவை சொல்றது? எடை எவ்வளவு குறைஞ்சிருக்கு?”

“நாப்பது கிராம். டாக்டரும் ஒண்ணும் பயமில்லன்னுதான் சொன்னாரு.”

“அப்புறம் என்ன?”

“என்னவா? பலகையைப் பாருங்க! உங்க பாம்பெல்லாம் ஒழுங்கா சாப்பிடுது. எனக்கு மட்டும்தான் இப்படி. நான்தான் ஏதோ தப்பு பண்றேன். என் கையிலயே செத்துடுமோன்னு பயமா இருக்குண்ணே.”

சொல்லும்போதே அழுதுவிட்டாள். குங்குன் சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தான். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாயாத் அண்ணன் சற்றுத் தள்ளி நின்று, ராத்துவின் குட்டிகளை வாங்க ஜகார்த்தாவிலிருந்து வந்திருந்த ஒருவரிடம் கதை அளந்துகொண்டிருந்தார். அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

“அட அழுமூஞ்சி! அஞ்சு மாசத்துக்கே இப்படியா? என் ராத்து எலியைத் தொட்டு எட்டு மாசமாச்சு.”

சீலோக்காரர்கூட கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“என்னது? அப்போ வாராவாரம் காட்டின வீடியோ?” என்றான் குங்குன்.

“போன வருஷம் எடுத்தது.”

“புதுசு புதுசுன்னு காட்டினீங்களே!”

“எல்லாம் ஒரே எலிடா. நீங்கதான் யாரும் கவனிக்கல.”

ஜகார்த்தாக்காரருக்கு முகம் மாறியது. “அதான் தாய்ப் பாம்பை இன்னைக்குக் கொண்டுவரலையா?”

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கொண்டுவர்றது, சொல்லுங்க?”

பூங்காவே அதிரும்படி சிரித்தோம். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். ஜகார்த்தாக்காரர் “யோசிச்சுச் சொல்றேன்” என்று நழுவிவிட்டார். நன்றாக வேண்டும் இந்த மனுஷனுக்கு என்று எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

குங்குன் தலையைச் சொறிந்தான். “அண்ணனே ஒத்துக்கிட்டாரு, எனக்கென்ன? என்னுதும் நாலு மாசமா சாப்பிடல. கிண்டல் பண்ணுவீங்கன்னு தேதியை மாத்தி எழுதிட்டேன்.”

“எனக்கு மூணு மாசம்” என்றேன். சொன்ன பிறகு நெஞ்சே லேசாகிவிட்டது.

“எனக்கு ஆறு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ரெங்கனிஸ் கண்ணைத் துடைத்தாள். “ஆறு மாசமா? அடப் பாவிகளா! எல்லாரும் சேர்ந்து என் தலையிலயா மிளகாய் அரைச்சீங்க?” என்று கையில் கிடைத்த துண்டால் எங்களை ஆளுக்கு ஒன்று வைத்தாள். அடிக்கும்போதே அவளுக்கும் சிரிப்பு பீறிட்டது. அந்த வாய்பிளக்கும் ஆளுக்கு அங்கேயே போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

“பெட்டிக்கு மேல துணியைப் போட்டு இருட்டாக்கி வை” என்றார் யாயாத் அண்ணன். “நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து அதைத் தொந்தரவு பண்ணாதே. பசிச்சா அதுவே கேக்கும்.”

குங்குன் பலகையை அழித்தே விட்டான். அன்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து ரெங்கனிஸுக்கு சீலோக் வாங்கிக் கொடுத்தோம். அவள் இரண்டு பை தின்றாள்.

வழக்கம்போல யாயாத் அண்ணனை என் பைக்கில் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். அவர் மனைவி ஈஸ் அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். சும்மா வர எனக்கு மனசு வரவில்லை.

“என்னக்கா, ராத்து எட்டு மாசமா பட்டினியாமே? எங்ககிட்ட மூச்சே விடல?”

பின்னாலிருந்து யாயாத் அண்ணன் அவருக்கு ஏதோ ஜாடை காட்டினார். அக்கா கவனிக்கவில்லை.

“யாரு, அவளா பட்டினி? காலையில முழுங்கின எலி இன்னும் வயித்துல புடைச்சுக்கிட்டு இருக்கு. இப்போ தூக்கினா கக்கிடுவான்னுதானே இவர் அவளை வீட்டுலயே விட்டுட்டு வந்தாரு!”