சனிக்கிழமை பேன்ட்

"இறுக்கமான சைக்கிள் உடையோடு இங்கே உட்கார வேண்டாம். பேன்ட் அணிந்து வரவும்."

காபிக் கடைக் கதவில் தொங்கிய புதுப் பலகையை கார்த் தெருவுக்கே கேட்கும்படி இரண்டு தடவை படித்தான்.

"அநியாயத்தைப் பார்த்தீங்களாடா? சனிக்கிழமை ஆனா இந்த வூலா கடைக்குப் படியளக்கிறதே நாமதான். இப்ப நம்ம தொடையைப் பார்த்தா அவளுக்குக் கண்ணு கூசுதாம்!"

"உங்க தொடையைப் பார்த்தா மட்டும்தான் கார்த்!" என்றாள் வூலா உள்ளேயிருந்து.

கூட்டமே சிரித்தது. நெவில் மட்டும் சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்சம் தள்ளி நின்றான்.

செமஃபோர் ஊரின் கடலோரச் சாலையில் விடியலோடு கூட்டமாக ஓட்டிவிட்டு, வூலா கடையில் உட்கார்ந்து அரட்டை அடிப்பது இந்தக் கிழட்டுப் பயல்களின் பல வருஷத்து வழக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு நெவில் ஒரு நாள்கூட உட்காரவில்லை.

புராஸ்டேட்டை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, சிறுநீர்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஈரத்தை உறிஞ்ச உள்ளே தடித்த பஞ்சுப் பட்டை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உடம்போடு ஒட்டிய உடையில், எழுந்தாலும் உட்கார்ந்தாலும் அது புடைத்துத் தெரியும்.

"வீட்டுல வேலை இருக்குடா" என்று ஒவ்வொரு வாரமும் நழுவிவிடுவான். விஷயம் டாக்டருக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும். வேறு யாருக்கும் இல்லை.

தான் ஒருவன் மட்டும் பேன்ட் மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தால்? கார்த் சும்மா விடுவானா? ஏன், எதற்கு என்று ஊரைக் கூட்டிவிடுவான்.

இப்போது எல்லோருமே மாற்றியாக வேண்டும்!

கடல்மேல் படிந்த மூடுபனி, யாரும் பார்க்காதபோது விலகுமே, அப்படி நெவிலின் நெஞ்சுக்குள் ஏதோ விலகியது.

அன்று மதியமே கார்த் அவனைத் துணிக்கடைக்கு இழுத்துப் போனான். "வாடா, வாங்கித் தொலைப்போம்."

நெவிலின் விரல்கள் தொங்கும் துணிகளின்மேல் தூக்கத்தில் நடப்பதுபோல் நடந்தன. ஜீன்ஸ் ஆகாது, சைக்கிள் சீட்டில் நொந்த இடத்தில் தடித்த தையல் குத்தும். வெளிர் காக்கி, துளி ஈரம் பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியில் கருநீலத்தில் ஒன்று அகப்பட்டது. இழுத்தால் விட்டுக்கொடுக்கும் துணி. பின்னிடுப்பில் மட்டும் எலாஸ்டிக். முன்னாலிருந்து பார்த்தால் ஆபீஸுக்கே போகலாம். சுருட்டினால் முதுகுப் பையில் ஒரு மூலைக்குள் அடங்கும்.

அதைக் கையில் ஏந்தியபடியே நின்றுவிட்டான். கண்ணுக்குள் வூலா கடை மேசை தெரிந்தது. காபி ஆவி தெரிந்தது. எங்கோ தூரத்தில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

"என்னடா, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி சொக்கிப் போய் நிக்கிறே?" கார்த் விலாவில் இடித்தான்.

ஒரு அளவு பெரிதாக இருந்தால் நல்லது. கேட்கத்தான் நெவிலுக்கு நாக்கு எழவில்லை.

"தொளதொளன்னு எடுடா! தின்கிற கேக் எங்கே போறதாம்?" கார்த்தே பெரிய அளவில் இரண்டை உருவினான். "எல்லாப் பயலும் இதே நிறம், இதே தொளதொளப்பு. பார்க்கிறவன், கப்பல்லேர்ந்து துரத்திவிட்ட மாலுமிங்கன்னு நினைச்சுக்கட்டும்!"

அடுத்த சனிக்கிழமை, கார்களுக்குப் பின்னால் இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் நொண்டியடித்து, எல்லோரும் பேன்ட் மாட்டினார்கள்.

நெவில் உட்கார்ந்தான்.

வெயில் வாசல் மேசையில் தேன்போல் வழிந்தது. யாரோ பேசினார்கள், யாரோ மறுத்தார்கள். அவன் மிதந்துகொண்டிருந்தான். எழுந்துபோய் சர்க்கரை எடுத்து வந்தான். தேவையே இல்லாமல் இன்னொரு தடவையும் போய் வந்தான்.

"இந்தச் சாக்குப் பையில வெந்து சாகுறேன்! வூலா, உனக்கு நல்ல சாவே வராது!" கார்த் ஓயவில்லை. ஒவ்வொரு வாரமும் இதே பாட்டு.

'கல் நெஞ்சன்! ஒரு பேன்ட் போடுறது இவனுக்குப் பெரிய பாரம். அடுத்தவன் பாடு எங்கே தெரியப்போகுது?' என்று நெவில் மனசுக்குள் பொருமினான்.

ஒரு வாரம் எல்லோருக்கும் காபி வாங்கித் தரும் முறை அவனுடையது. உள்ளே போனவன் திடுக்கிட்டான். மூலை மேசையில் நான்கு பெண்கள், இறுக்கமான சைக்கிள் உடையிலேயே ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"வூலா, என்ன இது?" அவன் கவுண்டரைத் தட்டினான். "இவங்களை மட்டும் எப்படி விட்டீங்க? கார்த் பார்த்தான்னா பலகையைப் பிடுங்கி எறிஞ்சிடுவான். அப்புறம் யாரு பேன்ட் போடுவாங்க?"

"மெதுவா நெவில்." வூலா கோப்பையைத் துடைத்தபடியே சொன்னாள். "அந்தப் பலகை உங்க கூட்டத்துக்கு மட்டும்தான், அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். நீங்க கிளம்பினதும் எடுத்து உள்ளே வச்சிடுவேன்."

"எங்களுக்கு மட்டுமா? நாங்க என்ன பாவம் பண்ணினோம்?"

வூலா ஜன்னல் வழியே பார்த்தாள். வெளியே கார்த், வழியில் போன யாரையோ நிறுத்தி வைத்துத் தன் பேன்ட்டை இழுத்துக் காட்டிப் புலம்பிக்கொண்டிருந்தான்.

"சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னார். பலகையை எழுதிக் கொண்டுவந்து, மாட்டச் சொல்லிக் கெஞ்சினதே அவர்தான். ஏன்னு கேட்டேன். 'இத்தனை வருஷமா ஒருத்தன் பின்சக்கரத்தை ஒட்டியே ஓட்டுறேன் வூலா, அவனுக்கு என்ன கஷ்டம்னு எனக்குத் தெரியாதா'ன்னார்."