பவுடர் பூசிய இன்ஜின்

கணக்கு வாத்தியாரின் அறுபது வருஷத்துப் பழைய கார், பானெட்டைத் திறந்தபடி வீட்டு வாசலில் உறுமிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் முழுக்க முகப்பவுடர். குளிப்பாட்டி எடுத்த குழந்தைபோல வெள்ளைவெளேரென்று நடுங்குகிறது. பூசியவள் அவர் மனைவி. தரையெல்லாம் எண்ணெய்க் கறை என்று சண்டை போட்டு, பத்து மணிக்கு வந்து வண்டியை எடுத்துப்போகும்படி பழைய கார் வியாபாரியிடம் சொல்லிவைத்தவளும் அவளேதான். இன்ஜின் அடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் பேக்கிங்கை இரண்டு முறை மாற்றியும் ஒழுகல் நிற்காததால் வாத்தியார் கையை விரித்துவிட்டார். "எங்க ஒழுகுதுன்னே தெரியாம எப்படிங்க விக்கிறது? எனக்குத் தலையே வெடிச்சிடும்" என்று பவுடர் டப்பாவோடு வந்து நிற்கிறாள் இப்போது. சாய்ந்து விழும் காலை வெயிலில் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறார்கள். வெள்ளையில் ஒரு கறுப்புப் புள்ளி. அது கோடாக நீண்டு, எறும்புபோல ஊர்ந்து பின்பக்கமாக இறங்குகிறது. "மேல்மூடியிலேர்ந்து வருதுங்க! நீங்க ரெண்டு வாரமா கீழயே படுத்துக் கெடந்தீங்களே!" "சொட்டு கீழதானே விழுந்துச்சு, நான் என்ன பண்றது?" அவர் ஸ்பேனரால் தளர்ந்த போல்ட்டை இறுக்குகிறார். அவள் எண்ணெய்க் கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி பவுடர் தூவுகிறாள். வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. கேட்டுக்கு வெளியே ஹாரன் சத்தம். மணி பத்து. ஸ்பேனர் பிடித்த கை அப்படியே நின்றுவிடுகிறது. அவள் இன்ஜினிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. "யாருங்க அது, வேலை நேரத்துல?"