லோங்காங் லாயர்

“அங்கிள், லோங்காங்குல என்ன போடுறீங்க?”

சிங்கப்பூரின் துவாஸில், தொழிற்சாலைகளுக்கு நடுவே ஓடும் லோங்காங் என்கிற அகலமான சாக்கடையின் விளிம்பில் குனிந்திருந்த ஆம்ப்ரோஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பக்கத்துத் தொழிற்சாலைக் காவலாளி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

“இலைதான் தம்பி. தூங்குமூஞ்சி மரத்து இலை.”

“இலையோ எதுவோ, மேல கேமரா இருக்கு. குப்பை போட்டா ஃபைன் லா!”

ஆம்ப்ரோஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தாறு வருடமாகச் சுற்றுச்சூழல் வழக்குகளின் அப்பீலில் மட்டுமே வாதாடும் மூத்த வக்கீல் அவர். “தீவுல இருக்கிற அத்தனை சாக்கடையும் உங்களுக்குத் தெரியும், நம்ம வீட்டு சிங்க் அடைச்சா மட்டும் ஆள் கூப்பிடணும்” என்று சொல்லி மனைவி ஜெனிவீவ் அவருக்கு வைத்த பெயர் லோங்காங் லாயர். அப்பேர்ப்பட்டவர் சாக்கடையில் குப்பை போட்டுப் பிடிபட்டால் பேப்பரில் படத்தோடு வரும். அதற்குக் கொடுக்க நல்ல படம்கூட அவரிடம் இல்லை.

இலை மெல்ல நகர்ந்தது. அவர் நினைத்த பக்கம் அல்ல, அதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

அதன் பின்னாலேயே ஓடினார். ஐம்பத்து நாலு வயது உடம்பு பத்தடிகூடத் தாங்கவில்லை. வழுக்கி விழுந்ததில் ஒரு ஷூ சேற்றோடு போய்விட்டது.

இவ்வளவும் வேலாயுதத்தின் வழக்குக்காக. அவர் கழிவு எண்ணெய் ஏற்றும் டேங்கர் லாரி ஓட்டுபவர். அந்தச் சாக்கடையோரம் லாரியை நிறுத்தி எண்ணெயைத் திறந்துவிட்டார் என்று கீழ்க்கோர்ட் அவருக்கு இரண்டு வாரச் சிறை கொடுத்திருந்தது. அவர் செய்யவே இல்லை என்கிறார். அப்பீல் பத்து நாளில் விசாரணைக்கு வருகிறது.

லாரி நின்ற இடம், எண்ணெய் மிதந்த இடம், இரண்டுமே வரைபடத்தில் தெளிவாக இருந்தன. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஆம்ப்ரோஸும்தான். நாற்பது பக்கத்துக்கு வாதத்தை எழுதி முடித்து, அதை நாலு தடவை படித்து ரசித்து, மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதுதான் அவருக்கு அந்தக் கேள்வியே வந்தது.

கடல் மட்டம் ஏறும்போது தண்ணீர் எதிர்ப்பக்கம் திரும்புமோ என்று சாயங்காலம் வரை ஒற்றை ஷூவோடு காத்திருந்து இன்னொரு இலையை விட்டார். அதுவும் அதே பக்கம்தான் போனது. லாரியிலிருந்து கொட்டிய எண்ணெய், ஓடும் தண்ணீரை எதிர்த்து நீந்திப் போனால்தான் அந்த இடத்துக்குப் போய்ச் சேர முடியும்.

திங்கட்கிழமை பாஸ் ரிஸ்வானிடம் சொன்னார்.

“நிச்சயமா சொல்றீங்களா, ஆம்ப்ரோஸ்? கடைசி பதினேழு அப்பீல்ல ஒண்ணுகூட நீங்க தோத்ததில்ல.”

“தெரியும் சார். அதான் ரெண்டு தடவை இலை விட்டுப் பாத்தேன்.”

ரிஸ்வான் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். “வடிகால் என்ஜினியர்கிட்ட எழுதி வாங்கிடுங்க. அப்புறம் போய் நேராச் சொல்லிடுங்க.”

விசாரணை நாள். வேலாயுதத்தின் மனைவி சிவகாமசுந்தரி கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வரவேண்டாம் என்று கணவர் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், ஃபேரர் பார்க் வீட்டிலிருந்து முதல் முறையாகக் கோர்ட்டுக்கு வந்திருந்தார்.

ஆம்ப்ரோஸ் எழுந்தார். “வழக்கமான வரிசையை மாற்றி, இன்று நான் முதலில் பேச அனுமதி வேண்டும்.”

வரைபடத்தைக் காட்டினார். என்ஜினியரின் கடிதத்தைக் கொடுத்தார். இலைகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. “அந்த எண்ணெய் இந்த லாரியிலிருந்து வந்திருக்க முடியாது. இந்தத் தண்டனை நிற்கக் கூடாது.”

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “இதை நீங்களே நேரில் போய்ப் பார்த்தீர்களா, மிஸ்டர் ஆம்ப்ரோஸ்?”

“ஆமாம். ஒரு ஷூவையும் இழந்தேன்.”

எதிர்மேசையிலிருந்த இளம் வக்கீல் ரக்ஷனா எழுந்து, “நான் சேர்க்க ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஐந்தே நிமிடத்தில் தண்டனை ரத்தானது.

வெளியே வந்ததும் சிவகாமசுந்தரி ஓடிவந்து ஆம்ப்ரோஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணீர் கொட்டியது.

“நாலு மாசமா இவர் ஒழுங்காச் சாப்பிடல சார். ஜெயிலுக்குப் போனா வேலை போயிடும், பிள்ளைங்க மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு தினமும் புலம்பல். நீங்க தெய்வம் சார்!”

ஆம்ப்ரோஸ் தரையைப் பார்த்தார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க இந்தத் தெய்வத்துக்கு நாலு மாதம் ஆகியிருக்கிறது.

“சுந்தரி, கொஞ்சம் இரு...” என்றார் பின்னால் வந்த வேலாயுதம்.

“நீங்க சும்மா இருங்க!” என்ற சிவகாமசுந்தரி, ரக்ஷனாவை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “சார் பேசின பேச்சுல அந்தப் பொண்ணு வாயடைச்சுப் போச்சு பாத்தீங்களா? ஒரு வார்த்தை வரல!”

ரக்ஷனா சட்டென்று ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

“மதியம் சிராங்கூன் ரோட்டுல வாழை இலைச் சாப்பாடு, சார் கண்டிப்பா வரணும். இவரை உள்ள தள்ளப் பாத்த அந்த கவர்ன்மென்ட் லாயருக்கு மட்டும் ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்க மாட்டேன்!”

ஆம்ப்ரோஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அக்கா, அந்த கவர்ன்மென்ட் லாயர் நான்தான்.”