இருபத்தொன்பதாம் மாலை

மாலை 5.29. சூரியன் கடலில் இறங்க இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. படகுக்காரர் கர்சுனின் தோளில் கைவைத்து, முதியவர் சுதிப்யோ செருனி குன்றின் கடைசிப் படியை ஏறினார்.

"முப்பது நோன்பும் முடிஞ்ச மாதிரி தள்ளாடுறாரே" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"இன்னிக்கு இருபத்தொன்பதுதான். இவரு பார்த்துட்டா முப்பதே கிடையாது" என்றான் பக்கத்தில் நின்றவன்.

பிறை தெரிந்தால் நாளை பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள் நோன்பு. கிழக்கே எல்லாக் குன்றுகளிலும் மேகம் என்று தலைநகருக்குத் தகவல் போய்விட்டது. இங்கே மேற்கு வானம் கழுவிவிட்டது போல் இருந்தது.

பத்தொன்பது வருடமாக வானியல் சங்கத்தின் தொலைநோக்கியில் சுதிப்யோதான் பிறை பார்க்கிறார். அவர் பார்த்தேன் என்று சத்தியம் செய்தால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. கடந்த மூன்று வருடமும் மேகம். சத்தியத்துக்கு வேலை இருக்கவில்லை.

சங்கச் செயலாளர் நிங்ரும் மதியத்திலிருந்து பதில் சொல்லி ஓய்ந்திருந்தாள்.

"இல்லக்கா, செல்ஃபோன்ல விழாது. அண்ணே, பிறையை டார்ச் அடிச்சுத் தேட முடியாது. கையை இறக்குங்க."

"வருஷா வருஷம் படி ஏறி வர்றோம். ஒரு வருஷமாவது கண்ணுல காட்டுறீங்களா?"

"என் கையில இருந்தா காட்ட மாட்டேனா?"

நீளமான பழைய குழாய் மேற்கே திரும்பி நின்றது. அதன் பின்முனையில், கண்ணில் வெளிச்சம் படாமலிருக்க, ஒரு கறுப்புத் துணி தொங்கியது. சுதிப்யோ அதற்குள் போனார். காற்றில் துணி பறக்காமல் பிடித்துக்கொள்ள கர்சுனும் உள்ளே போனார். வெளியே நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன.

5.38. கீழே ஊரில் பாங்கு கேட்டது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் கைமாறின. நிங்ரும் ஒரு கோப்பையைத் துணிக்குள் நீட்டினாள். அது நிறைந்தபடியே திரும்பி வந்தது.

"பாக், தண்ணியாவது குடிங்க." பெரியவர்களை அங்கே 'பாக்' என்றுதான் அழைப்பார்கள்.

5.50. நிங்ரும் மறுபடி துணியருகே குனிந்தாள்.

"பன்னிரண்டு நிமிஷம் போயிடுச்சு, பாக். பிறை மறைய இன்னும் பத்துதான்."

துணிக்குள் ஏதோ முணுமுணுப்பு.

சரியாக ஆறு மணிக்குப் பிறை கடலுக்குள் போயிருக்க வேண்டும். சுதிப்யோ வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் பார்க்கல" என்றார்.

கூட்டம் மூச்சு விட்டது. யாரோ நாற்காலியை மடக்கினார்கள். சாட்சி பதிய வந்திருந்த மார்க்க நீதிமன்றத்து நீதிபதி படிவத்தில் எழுதப் பேனாவைத் திறந்தார்.

"நான் பார்த்தேன்" என்றார் கர்சுன்.

நீதிபதி நிமிர்ந்தார். அவர் கையில் கடித்த பேரீச்சம்பழம் ஒன்று இன்னும் இருந்தது. அதை மேசையில் வைத்தார்.

"எப்போ?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"எதால பார்த்தீங்க?"

கர்சுன் சுதிப்யோவைப் பார்த்தார். "வெறுங்கண்ணாலதான். துணி ஓரமா எட்டிப் பார்த்தேன்."

"கருவி வச்சிருந்தவருக்குத் தெரியல, துணி பிடிச்சவருக்குத் தெரிஞ்சுதாம்" என்றது ஒரு குரல்.

"வீட்ல பெருநாள் கோழி வெந்துடுச்சு போல."

சிரிப்பு எழுந்தது. நீதிபதி கையை உயர்த்தினார். எத்தனையோ சாட்சிகளை விசாரித்தவர். அவருக்கு ஒரே கேள்வி போதும்.

"கொம்பு ரெண்டும் எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சு?"

"கீழ. கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி."

நீதிபதி பேனாவை மூடினார். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"இந்தக் கடல் மேல பிறை அப்படி நிக்காது. சூரியன் அதுக்குக் கீழ இறங்கியிருக்கு. வெளிச்சம் கீழ்ப்பக்கம்தான் படும், கொம்பு மேலதான் நிக்கும். நீங்க பார்க்கல. கிளம்புங்க."

"பார்த்தேன், பாக்."

"சத்தியம் பண்ணினா பொய்ச் சாட்சின்னு எழுதுவேன். அப்புறம் ஊர்ல ஒருத்தரும் உங்க படகுல ஏற மாட்டாங்க."

கர்சுன் ஓரடி முன்னே வந்தார்.

"கண்ணுல பட்டதை மறைக்கிறதுக்கா இத்தனை நாள் நோன்பு வச்சேன்? எழுதிக்கோங்க. நான் சத்தியம் பண்றேன்."

"எழுதாதீங்க" என்றார் சுதிப்யோ.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவர் சொன்ன கொம்பு சரி. வெறுங்கண்ணுக்கு இல்ல, குழாய்ல பார்த்தா. இந்தக் குழாய் எதையும் தலைகீழாத்தான் காட்டும்."

நிங்ரும் அதை மறுக்கவில்லை. குனிந்து, பிறை மறையும் நேரம் காட்டிய மடிக்கணினியை மூடினாள்.

நீதிபதி குழாயையும் கர்சுனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குழாய்ல இவர் எப்படிப் பார்த்திருக்க முடியும்? கண்ணை வச்சிருந்தது நீங்கதானே, பாக்?"

கர்சுன் வேகமாகத் தலையாட்டினார். "வேணாம், பாக். விடுங்க. நான் போயிடறேன்."

சுதிப்யோ சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே நின்றார். கடலைப் பார்த்தபடிதான் சொன்னார்.

"எனக்குக் கண்ணு தெரியறதில்லைங்க."